48 கிலோ ஆம்ப், 15 அங்குல ஸ்பீக்கர்: வெளிநாட்டு டீலருக்கு எப்படி அனுப்புவது, எப்படிப் பேரம் பேசுவது?

மோனோபிளாக்காரன் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. இடப் பற்றாக்குறையால் பெரிய சாமான்களை விற்றுவிட முடிவு செய்திருக்கிறேன். ஒரு ஜோடி மோனோபிளாக் பவர் ஆம்ப் (ஸ்பீக்கருக்கு ஒன்று), ஒவ்வொன்றும் 48 கிலோ, உள்ளே பெரிய டொராய்டல், அதாவது வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர். ஒரு ஜோடி ஸ்பீக்கர், கீழே 15 அங்குல வூஃபர், மேலே ஹார்ன், ஒவ்வொன்றும் 60 கிலோவுக்குக் குறையாது. கூடவே இசைத்தட்டு ஓட்டும் பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் ஒன்று. கேட்டு வந்திருப்பவர் வேறு நாட்டில் பழைய ஆடியோ சாமான்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் டீலர்.

ஆள் தன்மையாகத்தான் பேசுகிறார், ஆனால் கேட்பதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலை என்கிறார், அது நான் தனித்தனியாகச் சொன்ன விலைகளின் கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்குதான் வருகிறது. பாதிப் பணம் முன்பணம், மீதி அங்கே வந்து சேர்ந்து அவர் ஓட்டிப் பார்த்த பிறகு. சரக்குக் கட்டணம் அவருடையது, ஆனால் வழியில் ஏதாவது உடைந்தால் அது பேக்கிங் கோளாறு, அதனால் என் கணக்கு. இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லியும் கேட்டார், அங்கே வரி மிச்சமாகுமாம்.

டர்ன்டேபிளுக்கு மட்டும்தான் கம்பெனிப் பெட்டி இருக்கிறது. விசாரித்த பேக்கிங் ஆட்கள் பபிள் ராப் நாலு சுற்று, மேலே கெட்டி அட்டைப்பெட்டி, அது போதும் என்கிறார்கள். போதுமா? டீலர் கேட்பதில் எது நியாயம், எது என் தலையில் கட்டப் பார்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மரப்பெட்டி

போதாது. பபிள் ராப் என்பது கீறல் விழாமல் இருக்கத்தான். 48 கிலோவை அதன் மேல் வைத்தால் அடியில் உள்ள குமிழ்கள் அப்போதே வெடித்துவிடும், வண்டி குலுங்கும்போது ஆம்ப் நேராகத் தரையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். தெர்மோகோல் துண்டுகளைக் கொட்டி நிரப்புவதும் வேண்டாம், கனமான சாமான் குலுங்கக் குலுங்க அதற்குள் இறங்கி அடியைத் தொட்டுவிடும். தெர்மோகோல் பலகை முதல் அடியைத் தாங்கும், ஆனால் நசுங்கினால் நசுங்கியதுதான், திரும்ப எழும்பாது. இரண்டாவது அடிக்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஈபிஇ ஃபோம் என்று கேட்டு வாங்குங்கள், அழுத்தினால் திரும்ப வரும் பாலிஎத்திலீன் நுரை, கொஞ்சம் கெட்டியான ரகமாக.

ஆனால் ஃபோமுக்கு முன்னால் ஆம்பின் உள்ளே பார்க்க வேண்டும். வெளியே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் ஆம்ப் சாவது பெரும்பாலும் உள்ளிருந்துதான். டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மரை அநேகமாக நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பெட்டி பக்கவாட்டில் விழுந்தால் மொத்த எடையும் அந்த ஒற்றை போல்ட்டில் நெம்பும், அடித்தகடு வளையும், போல்ட் அறுந்தால் அது உள்ளே உருண்டு போர்டுகளை எல்லாம் துவம்சம் செய்துவிடும். அதனால் மூடியைத் திறந்து, டிரான்ஸ்ஃபார்மருக்கும் சேசிஸ் சுவர்களுக்கும் நடுவே கெட்டி ஃபோமை அளவாக வெட்டி இறுக்கமாகச் செருகுங்கள், மேலே மூடிக்கும் அதற்கும் நடுவிலும்தான். திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, பெரிய கெபாசிட்டர்களில் மின்னழுத்தம் இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், அணைத்த பிறகும் அவை கடிக்கும். நடு போல்ட் தளர்ந்திருந்தால் இறுக்கலாம், ஆனால் வெறியோடு இறுக்கினால் சுருள் நசுங்கும். முக்கியமாக, முட்டுக் கொடுக்கிறேன் என்று போல்ட்டின் மேல் முனையை உலோகத் துண்டால் மூடியோடு சேர்த்துவிடாதீர்கள். எடுக்க மறந்து யாராவது ஆன் செய்தால், போல்ட்டும் சேசிஸும் சேர்ந்து ஒரு ஷார்ட் ஆன சுற்றாகி டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். வெறும் ஃபோம் போதும். "உள்ளே ஃபோம் இருக்கிறது, எடுக்காமல் ஆன் செய்யாதே" என்று பவர் சாக்கெட் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் வெளியே. ஆம்பின் கால்கள் நான்கும் ஃபோமைக் குத்திக்கொண்டு இறங்கும், அதனால் கால்களைக் கழற்றிவிடுங்கள் அல்லது அடியில் ஒரு ப்ளைவுட் பலகை வைத்து எடையைப் பரப்புங்கள். ஹீட்சிங்க் துடுப்புகள் ஃபோமைக் கத்தி மாதிரி அறுக்கும், அங்கேயும் பலகை. முன்பக்கத் தகட்டின் மேல் எடை சாயவே கூடாது. பாலித்தீன் உறை, அதற்குள் சிலிக்கா ஜெல், சுற்றிலும் குறைந்தது 5 செ.மீ. ஃபோம், வெளியே 12 மி.மீ. ப்ளைவுட் பெட்டி, ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ. ஆணி அடிக்கும் அதிர்ச்சியே சாமானுக்கு ஆகாது, போதாததற்குச் சுங்கத்தில் திறந்து பார்த்தால் மூடுகிற அழகைச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டிக்கு அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழையும் அளவுக்குக் கட்டைக் கால்கள் வையுங்கள். இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்பேன். ஒருவரால் தூக்க முடிகிற பெட்டியைத்தான் தூக்கிப் போடுவார்கள். பேக்கிங்கைச் சோதிக்கும் இஸ்டா 1ஏ முறையில் சுமார் 10 கிலோவுக்குள் உள்ள பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பார்கள், 45 கிலோவைத் தாண்டினால் வெறும் 20 செ.மீ. கனமான பெட்டியை யாரும் உயரத் தூக்க மாட்டார்கள் என்ற கணக்குதான். 48 கிலோ ஆம்ப் அட்டைப்பெட்டியில் போனால் இரண்டும் கெட்டான், ஒருவன் தூக்கிப் பார்ப்பான், பாதியில் கைவிடுவான். பெட்டியோடு 70 கிலோ ஆகி, அடியில் கால் வைத்து நின்றால் இயந்திரம்தான் எடுக்கும்.

மரக்கட்டை வைத்தால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும், அதாவது மரத்தின் உட்புறம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு ஹெச்டி (HT) என்று முத்திரை குத்திய மரம். ப்ளைவுட்டுக்கு இந்த விதி கிடையாது, ஆனால் அடியில் வைக்கும் கட்டைக்கு உண்டு. இதை மறந்து பெட்டி துறைமுகத்தில் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது.

---

ஹார்ன்_ரசிகன்

மரப்பெட்டி அண்ணன் ஆம்ப் பற்றிச் சொன்னதில் சேர்க்க ஒன்றும் இல்லை. ஸ்பீக்கருக்கு நான்.

ஹார்னுக்கு ஒலி தரும், அதன் பின்னால் தொங்கும் கம்ப்ரஷன் டிரைவரைக் கட்டாயம் கழற்றித் தனிப் பெட்டியில் போடுங்கள். அவ்வளவு கனமான காந்தம் ஹார்னின் கழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, ஒரு குலுக்கலில் கழுத்து முறிந்துவிடும். வூஃபரைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. கழற்றித் தனியாக அனுப்பு என்பார்கள் சிலர், நான் விட்டுவிடு கட்சி, ஆனால் கேபினெட் நின்ற நிலையிலேயே போக வேண்டும். பெரிய அடி விழுந்தால் காந்தம் கூடையிலிருந்து (வூஃபரின் சட்டம்) இம்மியளவு நகரும், கோனை ஆட்டும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் உரச ஆரம்பிக்கும், அப்புறம் அது வூஃபர் இல்லை. வூஃபரின் இரண்டு மின்முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்து வைத்தால் வழியில் கோன் ஆடுவது குறையும், தானே பிரேக் போட்டுக்கொள்ளும். இணைக்கும் முன் அதை எடுக்கச் சொல்லி ஒரு சீட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஆம்ப் போய்விடும்.

டர்ன்டேபிளில் பிளேட்டர் (சுழலும் தட்டு), கவுண்டர்வெயிட் (கையின் பின்னால் உள்ள எடை), கார்ட்ரிட்ஜ் (ஊசி உள்ள பகுதி), மூடி எல்லாம் தனித்தனி. பிளேட்டரை மேலே வைக்காதீர்கள், அடியில் தனி அடுக்கில். டோன்ஆர்மை, அதாவது ஊசிக் கையைக் கட்டுங்கள், ஸ்பிரிங் சஸ்பென்ஷன் உள்ள மாடல் என்றால் பயணத்தில் அது ஆடாமல் பிடிக்கும் டிரான்ஸிட் ஸ்க்ரூவைப் போட மறக்காதீர்கள். கம்பெனிப் பெட்டி இருந்தாலும் அதை இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

பேக்கிங்கை மேலே சொல்லிவிட்டார்கள், நான் காகிதத்துக்கு வருகிறேன். உங்கள் டீலர் கேட்கும் நான்கும் தனித்தனி விஷயம் மாதிரித் தெரிகிறது, உண்மையில் எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான். சாமான் எந்த இடத்தில் உங்கள் பொறுப்பிலிருந்து அவர் பொறுப்புக்கு மாறுகிறது? அதை முடிவு செய்யாமல் விலை பேசுவது வீண், ஏனென்றால் வழியில் உடைகிற ஆபத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை யார் சுமக்கிறாரோ அவர் பக்கம் விலை சாய வேண்டும். அவர் உங்களிடம் கேட்பது வாசலில் ஒப்படைக்கும் விலை, ஆனால் சுமக்கச் சொல்வது அவர் வீட்டு வாசல் வரைக்குமான ஆபத்து.

இதற்கெல்லாம் இன்கோடெர்ம்ஸ் 2020 என்று சர்வதேச வர்த்தக சபை போட்ட விதிகள் இருக்கின்றன. எக்ஸ்-ஒர்க்ஸ் என்றால் உங்கள் இடத்தில் தயாராக வைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது, வண்டியில் ஏற்றுவதுகூட அவர் பொறுப்பு. எஃப்சிஏ என்றால் ஏற்றுமதிச் சுங்க வேலையை நீங்கள் முடித்து, அவர் சொல்லும் சரக்கு நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது ஆபத்து அவருக்கு மாறும். டிஏபி என்றால் அவர் சொல்லும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை ஆபத்து உங்களுடையது. உங்களுக்கு எஃப்சிஏ பொருத்தமாக இருக்கும். ஒன்று மட்டும் அவர் பக்கம் நியாயம்: எந்த விதியை எடுத்தாலும் பேக்கிங் விற்பவரின் வேலைதான். ஆனால் "என்ன உடைந்தாலும் பேக்கிங் கோளாறு" என்பது வேறு, அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பெட்டியின் வரைபடம், கட்டும்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே அவருக்கு அனுப்பி, "இந்த பேக்கிங் எனக்குச் சம்மதம்" என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

இன்ஷூரன்ஸை இரண்டு பேரும் அலட்சியமாக விடாதீர்கள். சரக்கு நிறுவனம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று நினைக்கிறவர்கள் அதிகம். சர்வதேச விமானச் சரக்கில் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி அவர்கள் பொறுப்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர் வரைதான், 2024 டிசம்பர் கடைசியிலிருந்து இந்த அளவு. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 70 கிலோ பெட்டிக்கு 1,820 எஸ்டிஆர், அதற்கு மேல் உங்கள் ஆம்பின் மதிப்பு எவ்வளவு இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. கப்பலில், பல நாடுகள் ஏற்றிருக்கும் ஹேக்-விஸ்பி விதியில் ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2, எது அதிகமோ அது. ஆகவே தனி மரைன் கார்கோ பாலிசி எடுங்கள், இன்ஸ்டிட்யூட் கார்கோ க்ளாஸஸ் (Clauses) ஏ என்று கேட்டு. சி என்பது கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் மாதிரி பெரிய விபத்துகளுக்குத்தான், பெட்டி கீழே விழுந்து உடைவதற்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஏ-யிலும்கூட போதாத பேக்கிங்கால் வந்த சேதத்துக்குத் தர மாட்டார்கள், அதனால்தான் படங்கள் முக்கியம் என்கிறேன்.

இன்வாய்ஸில் விலையைக் குறைப்பது பற்றி: வெட்டு ஒன்று துண்டு இரண்டாக மறுத்துவிடுங்கள். சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். காணாமல் போனாலோ உடைந்தாலோ க்ளெய்மில் முதலில் கேட்பது அந்த இன்வாய்ஸைத்தான். வரி மிச்சம் அவருக்கு, நஷ்டம் உங்களுக்கு.

---

கடைக்காரன்

நானும் இதே தொழிலில் இருப்பவன்தான், அதனால் எதிர்க்கட்சி வக்கீலாக வருகிறேன், திட்டாதீர்கள்.

மூன்றில் இரண்டு பங்கு என்றதும் அடிமாட்டு விலை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் தனித்தனியாகச் சொன்னது கடைசியில் வாங்கி வைத்துப் பாட்டுக் கேட்பவர் தரும் விலை. டீலர் அதில் பழைய கெபாசிட்டர்களை மாற்ற வேண்டும், விற்கும்வரை வைத்திருக்க வேண்டும், விற்ற பிறகு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டும். மொத்தமாக எடுப்பதால் உங்களுக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு ஆளோடு மல்லுக்கட்டும் வேலை இல்லை. அந்தக் கழிவு நியாயமா என்பது, எதைச் சேர்த்து எதைச் சேர்க்காமல் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. பெட்டி செய்யும் செலவையும் உங்கள் தலையிலேயே வைத்துவிட்டு மூன்றில் இரண்டு என்றால் நானே ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் செலவைத் தனி வரியாகப் போட்டுக் கேளுங்கள், முனகுவார், கொடுப்பார்.

ஆனால் மொத்த விலைக்குள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஐந்து சாமானில் ஒரு ஆம்ப் மட்டும் உடைந்து வந்தால் எவ்வளவு கழிப்பது? எழுதி வைக்காவிட்டால் அன்றைக்கு அந்த ஆம்ப்தான் மொத்த விலையில் பாதி என்று நான் சொல்வேன், பத்தில் ஒன்று என்று நீங்கள் சொல்வீர்கள். சுங்கத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் எப்படியும் இந்தப் பிரிப்பு வேண்டும்.

ஓட்டிப் பார்த்துவிட்டு மீதி தருகிறேன் என்பதும் தவறில்லை, பார்க்காத சாமானுக்கு முழுப் பணம் கட்ட நானும் யோசிப்பேன். ஆனால் அதற்கு வரம்பு வேண்டும். வந்து எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும், எதையெல்லாம் பார்க்கலாம், கோளாறு என்றால் எதைக் கோளாறாகக் கொள்வது. நீங்கள் அனுப்பும் முன் சீரியல் எண் தெரியும்படி, ஆம்ப் லோடோடு, அதாவது ஸ்பீக்கர் மாதிரிச் சுமையை இணைத்து, ஓடுவதை, ஸ்பீக்கர் ஒவ்வொரு டிரைவரும் பாடுவதை ஒரே தொடர்ச்சியான வீடியோவாக எடுத்துக் கொடுங்கள், அதுதான் அளவுகோல். அவர் பெட்டியைப் பிரிப்பதையும் அதே மாதிரி எடுக்கட்டும். மீதிப் பணத்தை எஸ்க்ரோவில், அதாவது பொதுவான மூன்றாம் ஆளிடம் போடச் சொல்லுங்கள், உங்களுக்கும் பயமில்லை, அவருக்கும் பயமில்லை.

இன்னொன்று, மின்னழுத்தத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 230 வோல்ட்டா, 120-ஆ, 100-ஆ, உள்ளே மாற்றிக்கொள்ள வசதி உண்டா. டர்ன்டேபிளில் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் என்றால் அதிர்வெண்ணும் முக்கியம், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது 60-ல் 20 சதவீதம் வேகமாக ஓடும், புல்லி மாற்ற வேண்டும். வந்த பிறகு இது தெரிந்தால் நான் விலையைக் குறைப்பேன், முன்பே தெரிந்தால் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசாமல் இருப்பேன்.

---

மோனோபிளாக்காரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. டீலரிடம் பேசினேன். எஃப்சிஏ-வுக்குச் சம்மதித்துவிட்டார், இன்ஷூரன்ஸ் அவரே எடுக்கிறார், சாமான் வாரியாக விலை பிரித்து எழுதியாகிவிட்டது, இன்வாய்ஸ் முழு விலைக்குத்தான். பெட்டிச் செலவு பாதிப்பாதி என்று வந்து நிற்கிறது, அதை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. எஸ்க்ரோ மட்டும் வேண்டாம் என்கிறார், கமிஷன் அதிகமாம். அது இல்லாமல் மீதிப் பணத்துக்கு வேறு பிடி இருக்கிறதா? எல்லாவற்றையும் விமானத்தில் அனுப்பிவிடலாம், சீக்கிரம் போய்விடும் என்றும் சொல்கிறார்.

---

கணக்குப்பிள்ளை

பிடி இருக்கிறது, ஆனால் கப்பலில்தான். கடல் சரக்கில் ஆர்டர் பில் ஆஃப் லேடிங் என்ற சரக்கு உரிமைச் சீட்டை வாங்குங்கள், அசல் காகிதம் கையில் இல்லாமல் அங்கே சரக்கை எடுக்க முடியாது. துறைமுகத்தில் இறங்கியதும் மீதியில் பெரும்பகுதியைப் போடச் சொல்லி, பணம் வந்த பிறகு அசலை அனுப்புங்கள். ஓட்டிப் பார்ப்பதற்காகக் கடைசியில் ஒரு சின்னத் தொகை, பத்து சதவீதம் போல, நிறுத்தி வைத்துக்கொள்ளட்டும். விமானத்தில் ஏர் வேபில் என்பது வெறும் ரசீதுதான், சரக்கு வந்ததும் பெறுபவர் என்று பெயர் போட்டவரிடம் கொடுத்துவிடுவார்கள், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

பெட்டி வெளியில் அடிபட்டிருந்தால் டெலிவரி சீட்டில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். உள்ளே தெரியாத சேதத்துக்கு கப்பலில் 3 நாள், விமானத்தில் 14 நாள், அதற்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். கடைக்காரன் சொன்ன சோதனைக் கெடுவை இதற்குள் அடங்குவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

---

மரப்பெட்டி

ஸ்பீக்கரை விமானத்தில் அனுப்பவே வேண்டாம். கனஅளவுக் கணக்கு ஒரு பக்கம்: பெட்டி 120 × 80 × 70 செ.மீ. என்று வையுங்கள், மூன்றையும் பெருக்கி விமானச் சரக்கில் 6000-ஆல் வகுத்தால் 112 கிலோவுக்குக் காசு வாங்குவார்கள், கூரியர் என்றால் 5000-ஆல் வகுத்து 134. ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்தாலும் உண்மையில் அவ்வளவு எடை வராது. ஆம்ப் பெட்டி சின்னது, கனமானது, அதில் உண்மை எடைக்குத்தான் காசு, அங்கே இந்த நஷ்டம் இல்லை.

இன்னொரு பக்கம் காந்தம். பெரிய ஸ்பீக்கர் காந்தங்களின் புலம் பெட்டியிலிருந்து 2.1 மீட்டர் தூரத்தில் 0.002 காஸைத் தாண்டினால் விமானத்தில் அது அபாயப் பொருள் கணக்கில் வந்துவிடும், யுஎன் 2807 என்று. அளந்து சான்று கொடு என்று நிறுத்தி வைத்தால் கோடவுன் வாடகை ஏறிக்கொண்டே போகும். கப்பலில் இந்தத் தொல்லை கிடையாது.

பில் ஆஃப் லேடிங் பிடியும் கப்பலில்தான் என்று பிள்ளை சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன. மொத்தத்தையும் ஒரே சரக்காக, எல்சிஎல்லில், அதாவது மற்றவர் சரக்கோடு பகிர்ந்த கன்டெய்னரில் போடுங்கள். சிலிக்கா ஜெல்லை மட்டும் கொஞ்சம் தாராளமாக வையுங்கள், கன்டெய்னருக்குள் ராத்திரியில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். பெட்டியின் மேல் பலகையை முக்கோணக் கூரை மாதிரிச் சரிவாகச் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் ஓடிவிடும், அதன் மேல் இன்னொரு பெட்டியை அடுக்கவும் முடியாது. "மேலே வைக்காதே" ஸ்டிக்கரை யாரும் படிப்பதில்லை.